ஏழு நாளில் வெள்ளை: சிறிய டப்பா, பெரிய நட்டம்

வட்டவளையில் வெயிலுக்குத்தான் பஞ்சம். இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று. கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரையுள்ள பாதையில் வருடத்தின் பெரும்பகுதி குடையும் பனிமூட்டமுமாகவே கழிகிறது. ஆனாலும் இப்பாதையோரத்துப் பென்சிக் கடைகளில் முகத்தை வெள்ளையாக்கும் கிரீமைக் கேட்டு வருவோருக்குக் குறைவில்லை. தோட்டத்தில் சம்பளம் போட்ட நாளிலும், கல்யாண மாதங்களிலும், தீபாவளிக்கு முன்னரும் கேள்வி இன்னும் கூடும். "நானா, அந்த ஏழு நாள் கிரீம் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். பொருள் சிறியது, இடத்தை அடைக்காது, கடனுக்குப் போகாது, இலாபமும் நல்லது. வியாபாரத்தில் இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த டப்பாக்களில் ஒரு பகுதியில் இருப்பது இரசம், அதாவது பாதரசம். நகைக் கடைக்காரர்களுக்கும் பழைய வெப்பமானியை உடைத்துப் பார்த்தவர்களுக்கும் அதை நன்கு தெரியும். அந்த உலோகத்தின் உப்புக்களைக் கிரீமில் கலந்து முகத்தில் பூசினால் நிறம் வெளுக்கும் என்பது உண்மை. சிறுநீரகம் கெடும் என்பதும் உண்மை. இந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது, எங்கே என்ன நடந்தது, நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது, கடையில் சரக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பவற்றைச் சில்லறை வியாபாரிகளும் அழகுக்கலை நிலையம் நடத்துவோரும் தெரிந்துகொள்வது அவசியம்.

வெளுப்பது எப்படி?

நமது தோலின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்ற நிறப்பொருள். தோலிலுள்ள சில கலங்கள் அதை உற்பத்தி செய்கின்றன. அந்த உற்பத்திக்கு டைரோசினேஸ் என்ற நொதியம் தேவை. பாதரசம் இந்த நொதியத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. மெலனின் குறைகிறது, முகம் வெளுக்கிறது. ஆகவே "பூசிப் பார்த்தேன், பலன் தெரிகிறது" என்று வாடிக்கையாளர் சொல்வதில் பொய்யில்லை. மற்றக் கிரீம்களில் மாதக்கணக்கில் தெரியாத மாற்றம் இதில் சில நாட்களில் தெரிவதற்கு இதுவே காரணம். வேகமான பலன் இந்தப் பொருளின் சிறப்பல்ல, அதன் அபாய அறிவிப்பு.

மெலனின் வெறும் நிறம் மட்டுமல்ல. சூரியனின் புற ஊதாக் கதிரிலிருந்து தோலைக் காக்கும் இயற்கைக் குடையும் அதுவே. மேகமும் பனிமூட்டமும் அந்தக் கதிரை முழுதாக மறைப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயரத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு அது கூடுகிறது. ஹட்டன் நகரம் 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. நாள் முழுவதும் திறந்த மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகத்திலிருந்து அந்தக் குடையைப் பிடுங்கினால், கிரீமை நிறுத்தியதும் முகம் முன்னரைவிடக் கருத்துப் போவதில் ஆச்சரியமில்லை. கருத்ததும் அவர் மீண்டும் கடைக்கு வருவார். இந்தச் சுழற்சியில்தான் இந்தக் கிரீமின் வியாபாரம் ஓடுகிறது.

உள்ளே போவது எங்கே?

பூசிய பாதரசம் தோலோடு நிற்பதில்லை. தோலினூடாகவும் மயிர்த்துளைகள் வழியாகவும் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது. சிறுநீரகம் ஒரு வடிகட்டி. கழிவை வெளியே விட்டு, புரதத்தை உள்ளே நிறுத்துவது அதன் வேலை. வடிகட்டியின் மென்சவ்வு கெட்டால் புரதம் சிறுநீரோடு வெளியேறும். சிறுநீர் நுரைத்துப் போகும், கண்களைச் சுற்றியும் கால்களிலும் வீக்கம் வரும், சிலருக்கு இரத்த அழுத்தம் கூடும். நரம்புகளைத் தாக்கும்போது கைநடுக்கம், விரல் மரத்தல், தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை வரும். பூசுபவர் இவற்றைக் கிரீமோடு சம்பந்தப்படுத்திப் பார்ப்பதே இல்லை. வேலைக் களைப்பு என்றும் பனிக்காலத்து நீர்க்கோவை என்றும் நினைத்து நாட்களைக் கடத்திவிடுகிறார்.

ஆபத்து பூசுபவரோடு முடிவதுமில்லை. கிரீமிலிருந்து பாதரசம் ஆவியாகும். துவாயிலும் தலையணை உறையிலும் ஒட்டும். தாயின் கன்னத்தில் முகம் புதைக்கும் குழந்தைக்கும் அது போய்ச் சேரும். அமெரிக்காவின் கலிபோர்னியா, வேர்ஜினியா மாநிலங்களில் 2010ஆம் ஆண்டு பரிசோதிக்கப்பட்ட சில குடும்பங்களில், கிரீமை ஒருநாளும் தொடாத பிள்ளைகளின் உடலிலும் பாதரசம் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. ஒரே அறையில் முழுக் குடும்பமும் படுத்து எழும்பும் தோட்டத்து லயங்களை நினைத்துப் பார்த்தால் இதன் பாரதூரம் விளங்கும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஆபத்து இரட்டிப்பு. கருவிலுள்ள சிசுவையும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையையும் பாதரசம் சென்றடையும்.

கோட்டக்கல்லில் கண்டுபிடித்தது

இது தூர தேசத்துக் கதையென்று நினைப்பவர்களுக்காகப் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம். நமது மக்கள் பலர் ஆயுர்வேத வைத்தியத்துக்குப் போய்வரும் ஊர், கேரளாவின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் வைத்தியசாலையின் சிறுநீரக வைத்தியர்கள் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். மெம்பிரனஸ் நெப்ரோபதி என்ற சிறுநீரக மென்சவ்வு நோயோடு வழமைக்கு மாறான நோயாளிகள் வரத் தொடங்கினர். 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை 22 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. அவர்களில் 15 பேரிடம் இருந்தது அதன் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தொடங்குமுன் முகத்தை வெள்ளையாக்கும் கிரீம் பாவித்ததாக ஒப்புக்கொண்டனர். சிறுநீரகத்துறையின் முன்னணிச் சர்வதேச சஞ்சிகையான கிட்னி இன்டர்நேஷனலில் இது வெளியாகி உலகின் கவனத்தைப் பெற்றது.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. கிரீமை நிறுத்திய பின்னர் அவர்களில் பெரும்பாலானோர் குணமடைந்தனர். காலத்தோடு நிறுத்தினால் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம் என்பது இதன் பாடம். கடைக்காரர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பெறுமதி இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. 2019இல் அமெரிக்காவின் சக்ரமென்டோ நகரில் ஒரு பெண் பாவித்த கிரீமில் இன்னும் கொடிய சேதனப் பாதரசம் கலந்திருந்தது. அவர் பேச்சும் அசைவும் இழந்து அரை மயக்க நிலைக்குப் போனார். வெளியில் பிரபல கம்பனியின் டப்பா, உள்ளே யாரோ கலந்து கொடுத்த விஷம். டப்பாவைப் பார்த்து மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

அளவு என்ன?

அழகு சாதனப் பொருளில் பாதரசத்துக்கு உலகில் பல நாடுகள் வைத்த எல்லை 1 பி.பி.எம். அதாவது ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம். நமது கணக்கில் சொன்னால், 50 கிலோ அரிசி மூடைகள் இருபதை அடுக்கி, அந்த முழு அரிசியிலும் ஒரே ஒரு கிராம் இருந்தால் அதுதான் 1 பி.பி.எம். அதுவும் தற்செயலாக ஒட்டிவரும் சிறு அளவுக்குக் கொடுத்த சலுகையே. ஆனால் ஆய்வுகூடங்களில் பிடிபட்ட கிரீம்களில் ஆயிரக்கணக்கிலும், சிலவற்றில் பல்லாயிரக்கணக்கிலும் பி.பி.எம். இருந்தது. 10,000 பி.பி.எம். என்றால் நூற்றுக்கு ஒரு பங்கு. 30 கிராம் டப்பாவொன்றில் 300 மில்லிகிராம் பாதரசம். இது தவறுதலாக விழுந்ததல்ல, வேண்டுமென்றே போட்டது.

பாகிஸ்தானின் காலநிலை மாற்ற அமைச்சு 2019இல் தன் நாட்டில் விற்பனையான 59 வகை வெள்ளையாக்கும் கிரீம்களைப் பரிசோதித்தபோது, 56 வகைகளில் பாதரசம் எல்லையைத் தாண்டியிருந்தது. அந்நாட்டில் செய்யப்படும் கிரீம்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. தாய்லாந்து, சீனா முதலிய நாடுகளில் செய்யப்படுபவற்றோடு சேர்ந்து, கப்பலிலும் விமானப் பயணிகளின் சூட்கேஸ்களிலும் உலகமெங்கும் போகின்றன.

ஒன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லா முக அழகுக் கிரீமும் விஷமல்ல. நியாசினமைட் போன்ற பாதுகாப்பான பொருட்களோடு, விபரம் முழுதாக அச்சிட்டு, பொறுப்பான இறக்குமதியாளர் பெயரோடு வரும் கிரீம்கள் சந்தையில் உண்டு. அவை ஏழு நாளில் யாரையும் வெள்ளையாக்குவதில்லை. அப்படி வாக்களிப்பதுமில்லை.

சட்டம் சொல்வது

ஜப்பானில் மினமாட்டா என்றொரு கடற்கரை ஊர். அங்கு இரசாயனத் தொழிற்சாலையொன்று கடலில் விட்ட பாதரசம் மீனில் சேர்ந்து, மீன் தின்ற மக்களை முடமாக்கியது. அந்நோய் 1956இல் உத்தியோகபூர்வமாக அறியப்பட்டது. அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் பாதரசத்துக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கை செய்யப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் 2017இல் அதை ஏற்றுக்கொண்ட நாடு. 1 பி.பி.எம். அளவுக்கு மேல் பாதரசமுள்ள அழகு சாதனங்களை 2020க்குள் நிறுத்த வேண்டும் என்று முதலில் முடிவானது. 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டன. 2025க்குப் பின்னர், பாதரசம் சேர்த்த எந்த அழகு சாதனத்தையும் தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ இடமில்லை.

இலங்கைக்கு இதில் தனிக் கவனம் உண்டு. 2023 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சூழல் திட்டத்தின் தலைமையில் 14 மில்லியன் டொலர் பெறுமதியான திட்டமொன்று அறிவிக்கப்பட்டது. வெள்ளையாக்கும் கிரீம்களிலிருந்து பாதரசத்தை ஒழிப்பதே அதன் நோக்கம். அதற்குத் தெரிவான மூன்று நாடுகள் கபோன், ஜமேக்கா, இலங்கை. உலகத்தில் இத்தனை நாடுகள் இருக்க நமது நாடு அந்தப் பட்டியலில் வந்ததை வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

உள்நாட்டுச் சட்டத்தில் கடைக்காரரை நேரடியாகத் தொடுவன இரண்டு. முதலாவது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம். அதன் 10ஆம் பிரிவின் கீழ் லேபல், விலை, பொதி பற்றிய பணிப்புரைகள் வெளியிடப்படுகின்றன. 30ஆம் பிரிவு, வியாபாரத்தில் பாவனையாளரை ஏமாற்றும் அல்லது தவறாக வழிநடத்தும் செயலைத் தடுக்கிறது. இச்சட்டத்தில் வர்த்தகர் என்பது கொழும்பு இறக்குமதியாளரை மட்டும் குறிப்பதல்ல. மேசையில் வைத்து ஒரு டப்பா விற்பவரும் வர்த்தகரே.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். அழகு சாதனங்களையும் மருந்துகளையும் ஒன்றாகப் பார்த்த 1980ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையை உருவாக்கிய சட்டம் இது. "எனக்கு இதில் என்ன?" என்று பென்சிக் கடைக்காரர் கேட்கலாம். வெள்ளையாக்கும் கிரீம்கள் பலவற்றில் பாதரசம் இல்லாவிட்டாலும் ஸ்டீரொயிட் இருக்கிறது. குளொபெட்டசோல், பெட்டாமெதசோன் என்ற பெயர்கள் டப்பாவில் இருந்தால் அது அழகு சாதனமல்ல, மருந்து. வைத்தியரின் சீட்டும் பார்மசி அனுமதிப்பத்திரமும் வேண்டிய பொருள். அதைச் சவர்க்காரத்துக்கும் சீப்புக்கும் பக்கத்தில் வைத்து விற்பது அனுமதியின்றி மருந்து விற்பதாகும். ஸ்டீரொயிட் முகத்தோலை மெல்லிதாக்கும், சிவப்பு நரம்புகள் தெரியும், பருக்கள் பெருகும், பெண்களுக்கு முகத்தில் முடியும் வளரும்.

சரக்கு எடுக்கும்போது பாருங்கள்

புறக்கோட்டையில் நின்றாலும் சரி, வேனில் கொண்டுவந்து கடைவாசலில் இறக்கினாலும் சரி, பணம் கொடுக்குமுன் பின்வருவனவற்றைப் பார்ப்பது நல்லது.

முதலில், இலங்கையிலுள்ள இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் டப்பாவில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பொருளுக்குப் பொறுப்பாளி யாருமில்லை. பிரச்சினை வந்தால் கடைசியாக விற்ற நீங்களே பொறுப்பாளி.

இரண்டாவது, தொகுதி இலக்கம், தயாரித்த திகதி, காலாவதித் திகதி, நிறை, அதிகூடிய சில்லறை விலை ஆகியவை அழியாத மையில் உள்ளனவா? ஒரே பெயரில் இரண்டு நிறப் பெட்டிகள், எழுத்துப் பிழைகள், மேலே ஒட்டிய ஸ்டிக்கர்கள் சந்தேகத்துக்குரியவை.

மூன்றாவது, சேர்மானப் பட்டியல். மெர்க்கூரி, மெர்க்கூரிக், மெர்க்கூரஸ் குளோரைட், கலோமெல், அமோனியேட்டட் மெர்க்கூரி என்பன யாவும் பாதரசத்தின் பெயர்களே. பட்டியலே இல்லையென்றால் அதை எடுக்கவே வேண்டாம்.

நான்காவது, எச்சரிக்கை வாசகம். தங்கம், வெள்ளி, அலுமினியம், நகைகள் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு முகக் கிரீமில் எழுதியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். முகத்துக்குப் பூசும் பொருளுக்கும் மோதிரத்துக்கும் என்ன பகை? பாதரசம் பட்டால் தங்கம் வெளிறிப்போகும் என்பது நகை வேலை செய்பவர் அனைவருக்கும் தெரியும். தயாரித்தவர் தன்னையறியாமல் கொடுத்த வாக்குமூலம் அது.

ஐந்தாவது, வாக்குறுதி. மூன்று நாள், ஏழு நாள் என்று நாள் குறித்தால் விலகிக்கொள்ளுங்கள்.

ஆறாவது, கிரீமின் நிறம். வெளிச்சம் பட்டுச் சாம்பல் நிறமாகவோ கருமையாகவோ மாறினால் சந்தேகம் வலுக்கிறது.

ஏழாவது, பில். பொருளின் பெயரும் தொகுதி இலக்கமும் போட்டுப் பில் தர மறுக்கும் மொத்த வியாபாரிக்கு, தான் விற்பது என்ன என்று நன்றாகத் தெரியும்.

இவை எல்லாம் சந்தேகப்படுவதற்கான அடையாளங்களே. லேபலில் பாதரசம் என்று எழுதாததால் அது இல்லை என்று ஆகிவிடாது. பெரும்பாலும் எழுதுவதே இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஆய்வுகூடம் மாத்திரமே. கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் இத்தகைய பரிசோதனைகளைச் செய்விக்கலாம். ஒரு கடைக்காரர் தனியாகச் செலவழிப்பது கஷ்டம். நகரத்து வர்த்தகர் சங்கம் ஒன்று சேர்ந்து, அதிகம் விற்பனையாகும் ஐந்தாறு வகைகளைக் கொடுத்துப் பார்ப்பது முடியாத காரியமல்ல.

அழகுக்கலை நிலையம் நடத்துவோருக்கு ஒரு சொல். பெயரில்லாத வெள்ளை டப்பாவில் "ஸ்பெஷல் கலவை" என்று வாங்கி மணப்பெண்ணின் முகத்தில் பூசும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. டப்பாவில் பெயர் இல்லாதபோது வாடிக்கையாளருக்குத் தெரிந்த ஒரே பெயர் உங்கள் பெயர்தான். தோல் வெளுக்க ஊசி போடுவதும், உதடும் கன்னமும் நிரப்ப ஃபில்லர் ஊசி ஏற்றுவதும் அழகுக்கலை வேலைகளே அல்ல, வைத்தியரின் வேலை. ஃபில்லர் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையும் பறிபோகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015இலேயே எச்சரித்துவிட்டது.

இலாபக் கணக்கு

வியாபாரியிடம் வியாபாரக் கணக்கில்தான் பேச வேண்டும். உதாரணத்துக்கு ஒரு டப்பாவில் 200 ரூபா இலாபம், மாதம் 30 டப்பா விற்பனை என்று வைப்போம். மாதம் 6,000, வருடம் 72,000 ரூபா. குறைந்த தொகையல்ல.

இப்போது மறுபக்கம். உங்களிடம் மாதம் 20,000 ரூபாவுக்கு அரிசி, மா, சீனி, சவர்க்காரம் வாங்கும் ஒரு குடும்பம் வருடத்துக்கு 240,000 ரூபா வியாபாரம் தருகிறது. நூற்றுக்கு எட்டு இலாபம் என்றால் 19,200 ரூபா. அப்படி நான்கு குடும்பங்கள் கடை மாறினால் 76,800 ரூபா போய்விடும். கிரீமில் வந்த முழு இலாபமும் அதோடு முடிந்தது. தோட்டத்தில் ஒரு பெண்ணின் முகம் வீங்கி, அது இன்ன கடையில் வாங்கிய கிரீம் என்று தெரிந்தால், நான்கு குடும்பத்தோடு நிற்குமா? காலையில் கொழுந்து மடுவத்தில் பேசியது மாலையில் அடுத்த டிவிஷனில் இருக்கும். மலையகத்தில் நமது கடைகள் தலைமுறை தலைமுறையாக நின்றது விளம்பரத்தால் அல்ல. "அந்தக் கடையில் வாங்கினால் நம்பலாம்" என்ற ஒரு பேச்சால்தான். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். குறையை மறைத்து விற்ற பொருளில் பரக்கத் இல்லை என்று நம் மூத்த வியாபாரிகள் சொல்லி வந்தது வெறும் உபதேசமல்ல, வியாபார அனுபவமும் அதுதான்.

"நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார்கள்" என்பது வழமையான பதில். வாங்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து யாருடைய முகத்தைப் பார்த்து அவர்கள் கோபப்படுவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். "மொத்த வியாபாரி தந்ததைத்தானே விற்றேன்" என்பதும் விசாரணையில் பாதிப் பதில்தான். பில் இருந்தால் அந்தப் பாதியாவது நிற்கும்.

கையிலுள்ள சரக்கை என்ன செய்வது?

சந்தேகமான டப்பாக்களை இன்றே தட்டிலிருந்து இறக்குங்கள். ஓடையிலோ குப்பையிலோ வீச வேண்டாம். எரிக்கவே வேண்டாம், எரித்தால் பாதரசம் ஆவியாகி மூச்சில் போகும். நன்றாக மூடி, பொலித்தீன் பையில் கட்டி, பெட்டியில் போட்டு, பிள்ளைகள் தொடாத இடத்தில் தனியாக வையுங்கள். வாங்கிய பில்லோடு மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்து, எழுத்தில் குறிப்பு வாங்குங்கள். அவர் ஏற்காவிட்டால் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திலோ அறிவியுங்கள். பிடிபடுமுன் தானாக அறிவிப்பவருக்கும் பிடிபட்ட பின் விளக்கம் சொல்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வாங்கிச் சென்ற வாடிக்கையாளர் மீண்டும் வந்தால் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். கிரீமை நிறுத்தட்டும். முகவீக்கம், கால்வீக்கம், நுரைச் சிறுநீர், கைநடுக்கம் இருந்தால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியரிடமோ போகட்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பது சிறிய பரிசோதனைதான். ஸ்டீரொயிட் கிரீமை நீண்ட நாள் பாவித்தவர் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அவர் தோல் வைத்தியரின் ஆலோசனையோடு நிறுத்துவது நல்லது.

அந்தத் தட்டு வெறுமையாக இருக்க வேண்டியதுமில்லை. பனியிலும் குளிரிலும் வறளும் தோலுக்கு ஈரப்பதக் கிரீம், மலையில் வேலை செய்வோருக்கு வெயிலைத் தடுக்கும் லோஷன், உதட்டு வெடிப்புக்கு மருந்து, கைகால் வெடிப்புக்குக் களிம்பு என்று இந்தச் சீதோஷ்ணத்துக்குத் தேவையான பொருட்கள் எத்தனையோ உண்டு. பெயரும் முகவரியும் உள்ள கம்பனிகளிடமிருந்து பில்லோடு எடுத்து அடுக்குங்கள். ஒரு டப்பாவில் கிடைக்கும் இலாபம் சற்றுக் குறையலாம். ஆனால் வாங்கியவர் அடுத்த மாதமும் சுகதேகியாக வந்து உங்கள் கடையிலேயே வாங்குவார்.